முகாம் லென்ஸா, மடிக்கிற லென்ஸா? கண்ணுக்குள்ள வைக்கிற சாமான் பத்தி ஒரு கேள்வி

கடையம் | ஜூன் 18, இரவு 9.40

அம்மாவுக்கு 63 வயசு. சின்ன வயசுல இருந்து பீடி சுத்துறா. ரெண்டு கண்ணுலயும் புரை, வலது நல்லா முத்திட்டு. முகாம்ல இலவசமா லென்ஸ் வச்சு விடுறோம்னு சொல்றாங்க. தனியார்ல மடிக்கிற லென்ஸ்தான் வைக்கணும், அது வெளிநாட்டுச் சாமான்னு சொல்றாங்க. முகாம்ல வைக்கிறது வெறும் பிளாஸ்டிக், பத்து வருசத்துல மஞ்சளாகி உள்ளயே உடைஞ்சிரும், மறுபடி கிழிக்கணும்னு மச்சான் பயங்காட்டுறாரு. நிசமா? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு சொல்லுங்க.

பாளை | ஜூன் 18, இரவு 10.25

உடையாது தம்பி. மச்சான் சொன்னதுல பிளாஸ்டிக்ங்கிறது மட்டும்தான் சரி. ஆனா விலை கூடின லென்ஸும் பிளாஸ்டிக்தான். கண்ணுக்குள்ள வைக்கிற எல்லாமே ஏதோ ஒரு பிளாஸ்டிக்.

முகாம்ல வைக்கிறது வளையாத லென்ஸ்னா, அது பிஎம்எம்ஏங்கிற பிளாஸ்டிக். கடைப் பெயர்ப்பலகைக்குப் பயன்படுத்துற பெர்ஸ்பெக்ஸ் அந்தக் குடும்பம்தான். கண்ணுக்குள்ள போறது மட்டும் கழிவு நீக்கின தனித் தரம். 1949 நவம்பர் 29-ல லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில ஹெரால்ட் ரிட்லி முதன்முதலா வச்ச லென்ஸ் இதுல செஞ்சதுதான். இரண்டாம் உலகப் போர்ல விமானிகளோட கண்ணுக்குள்ள விமானக் கூண்டோட பெர்ஸ்பெக்ஸ் சில்லு தெறிச்சிருந்தது. அது வருசக்கணக்கா புண்ணாக்காம சும்மா கிடந்ததைப் பாத்துட்டுத்தான் இதைத் தேர்ந்தெடுத்தாரு. இவ்வளவு நீண்ட காலம் கண்ணுக்குள்ள இருந்து காட்டின லென்ஸ் சாமான் வேற கிடையாது.

குறைன்னு பாத்தா, வளையாது. வில்லை 6 மி.மீ. அகலம்னா உள்ள போக 6 மி.மீ. வழி வேணும். அதனால தையல் போடணும், ஆற நாளாகும். மடிக்கிற லென்ஸ் 2.2-ல இருந்து 2.8 மி.மீ. துளை வழியா உள்ள போயி விரிஞ்சிரும்.

அம்பை | ஜூன் 19, காலை 6.50

அண்ணாச்சி, தையல் போடணும்னு எழுதினதைத் திருத்துங்க. அந்தக் காலம் போயிட்டு. இப்போ கையால செய்யுற சிறுவெட்டு முறையில வெள்ளைவிழியில சுரங்கம் மாதிரி வெட்டுறாங்க. வெளிவாய் 6-ல இருந்து 6.5 மி.மீ., கருவிழி ஓரத்துல இருந்து ஒன்றரை ரெண்டு மி.மீ. தள்ளி. பாதி ஆழத்துலயே சரிஞ்சு போயி, தெளிஞ்ச கருவிழிக்குள்ள ஒன்று ஒன்றரை மி.மீ. நுழைஞ்ச பிறகுதான் உள்ள திறக்கும். உள்வாய் வெளிவாயை விட அகலமா இருக்கும். கண்ணுக்குள்ள இருக்கிற அழுத்தமே உள்ளுதட்டைத் தள்ளி மூடிரும். சுரங்கம் ஆழம் தப்பிப் போனாலோ, சீக்கிரமே உள்ள ஓட்டை விழுந்தாலோதான் தையல்.

முத்தின புரைக்கு இந்த வழிதான் பல இடத்துல முதல் தேர்வு. கல்லு மாதிரி ஆன புரையை அல்ட்ராசவுண்ட் ஊசியால உடைக்கணும்னா நிறைய சக்தி செலவாகும். அந்தச் சூடும் அதிர்வும் கருவிழியோட உள்பக்கத்துச் செல்லைத் தின்னுரும். அது திரும்ப வளராத செல்.

பாளை | ஜூன் 19, காலை 7.30

சரிதான், தையல்னு எழுதினது தப்பு. எடுத்துக்கிடுங்க.

ஆனா பெரிய வழியோட விளைவு ஒண்ணு மிச்சம் இருக்கு. மேல்பக்கம் 6 மி.மீ. வெட்டினா கருவிழி அந்தத் திசையில கொஞ்சம் தட்டையாகும். ஆறின பிறகு சுமார் ஒரு பவர் அளவுக்கு உருளைக் குறை (கருவிழி ஒரு திசையில மட்டும் கூடவோ குறையவோ வளைஞ்சு காட்சி கலங்குறது) நிக்கலாம். பொட்டுப் பக்கமா, அதாவது காதுப் பக்கமா வெட்டினா இது குறையும். மடிக்கிற லென்ஸோட சின்னத் துளையில பெரும்பாலும் அரை பவருக்குள்ளதான். கண்ணாடி எழுதுறதுக்கு சின்னத் துளைக்கு நாலு வாரம், சுரங்கத்துக்கு ஆறு வாரம் பொறுக்கணும்.

ரெண்டுக்கும் இடையில உண்மையான வித்தியாசம் இந்த வழிதான். உள்ள போயி உக்காந்த பிறகு பிஎம்எம்ஏ வழியா தெரியுற காட்சி மட்டம்னு யாரும் சொல்ல முடியாது.

கடையம் | ஜூன் 19, மதியம் 1.15

அப்போ மஞ்சளாகும்னு சொன்னது?

பாளை | ஜூன் 19, மதியம் 1.40

பிஎம்எம்ஏ மஞ்சளாகாது. சில மடிக்கிற லென்ஸை நீல ஒளியை வடிகட்டணும்னு செய்யும்போதே மஞ்சளா செய்றாங்க. அதைப் பாத்தவங்க யாராச்சும் கிளப்பிவிட்ட பேச்சா இருக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருள் இப்போ பெரும்பாலான லென்ஸ்ல கலந்திருக்கு. நம்ம சொந்த லென்ஸ் செஞ்ச வேலை அது. புரையோட சேத்து எடுத்துட்டா வேற ஒண்ணு செய்யணும்லா.

பாளை | ஜூன் 19, இரவு 9.10

மடிக்கிற லென்ஸ்னு ஒரே பெயரைச் சொல்றோம். அதுல மூணு சாதி உண்டு. பில்லுல எந்தச் சாதின்னு பல பேரு கேக்கிறதில்ல.

சிலிக்கோன் முதல்ல வந்தது. ஈரமானா வழுக்கும், உள்ள விட்டதும் சட்டுன்னு விரியும். ஒளியை வளைக்கிற எண் 1.41-ல இருந்து 1.46. எண் குறைச்சல்ங்கிறதால வில்லை தடிமன். பெரிய சிக்கல், பின்னால விழித்திரை பிஞ்சு கண்ணுக்குள்ள சிலிக்கோன் எண்ணெய் நிரப்ப வேண்டி வந்தா, எண்ணெய் லென்ஸ்ல துளித்துளியா ஒட்டிக்கிடும். வழிச்சாலும் போகாது. நாள்பட்ட சர்க்கரை உள்ளவங்களுக்கும் கிட்டப்பார்வை அதிகம் உள்ளவங்களுக்கும் இதனாலதான் வேண்டாம்னு சொல்றது. இப்போ இது குறைஞ்சிட்டு.

ஹைட்ரோபோபிக் அக்ரிலிக் தண்ணியை அண்டவிடாத சாதி. எண் 1.55 வரைக்கும் போகும், அதனால வில்லை மெலிசு. மெதுவா விரியும், டாக்டர் கைக்கு அவகாசம் கிடைக்கும். கொஞ்சம் பசை மாதிரி ஒட்டுற குணம் இருக்கு. புரை இருந்த பையோட சவ்வுல ஒட்டிக்கிட்டு நகராம உக்காரும். கெட்டதும் உண்டு. வருசம் போகப்போக வில்லைக்குள்ள நுண்ணிய நீர்க்குமிழி மினுங்கலாம். டாக்டர் கருவி வழியா பாத்தா பனித்துளி மாதிரி தெரியும். நோயாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. எண் கூடினதாலயும் ஓரம் செங்குத்தா இருக்கிறதாலயும் சில பேருக்கு ஓரத்துல ஒளிக்கீற்று, இல்லன்னா பொட்டுப் பக்கம் ஒரு நிழல். பல பேருக்கு மாசக்கணக்குல அதுவே பழகிரும்.

ஹைட்ரோபிலிக் அக்ரிலிக் தண்ணி குடிக்கிற சாதி. எடையில கால்பங்கு, 26 சதவீதம் வரைக்கும் தண்ணி, சிலதுல இன்னும் கூட. மெத்துன்னு இருக்கும், ரெண்டு மி.மீ.க்கும் குறைஞ்ச துளையில போகும், விலையும் இறக்கம். கவனிக்க வேண்டிய சாதி இதுதான். நாளைக்கு எழுதுறேன்.

ரெண்டு பெயரும் காதுல ஒண்ணு போல விழும். "போபிக்கா, பிலிக்கா"ன்னு எழுதி வாங்குங்க.

அம்பை | ஜூன் 19, இரவு 10.05

தியேட்டர் பக்கத்துல இருந்து ஒண்ணு. ஹைட்ரோபோபிக் சாமான் 15, 20 டிகிரி பக்கம் வந்தா விறைக்கும். ஏசியைக் கடுமையா வச்சு லென்ஸையும் குளுகுளுன்னு வச்சிருந்தா, மடிக்கும்போது பிடிகருவித் தடம் பதியும், குழாய்க்குள்ள கீறல் விழும், லென்ஸைப் பிடிச்சு நிறுத்துற கால் ஒட்டிக்கிட்டு விரியாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, குழாய்ல ஜெல் நிறைய விட்டு, நிதானமா தள்ளணும். ஏத்தின லென்ஸை ரொம்ப நேரம் குழாய்ல போட்டு வைக்கவும் கூடாது.

கிருமி நீக்குறதும் சாமானுக்குச் சாமான் வேற. பிஎம்எம்ஏ 105 டிகிரி பக்கத்துல இளகிரும், ஆட்டோகிளேவ் 121 டிகிரி, தாங்காது. எத்திலீன் ஆக்சைடு வாயுல சுத்தம் செஞ்சு, வாயு முழுக்க வெளியேற நாள் கொடுப்பாங்க. தண்ணி குடிக்கிற லென்ஸை உப்புத்தண்ணிக் குப்பியோட வேகவச்சிரலாம். ரிட்லியோட முதல் லென்ஸ்களை செட்ரிமைடுங்கிற கிருமிநாசினிக் கரைசல்ல ஊறவச்சாங்க. அந்த மிச்சம் சாமான்ல தங்கித்தான் கண்ணு சிவந்து வீங்கிச்சு. பழியைச் சுமந்தது லென்ஸ்.

எட்டயபுரம் | ஜூன் 20, காலை 8.20

வெளிநாட்டுச் சாமான்னு ஆரம்பிச்சதால சொல்றேன். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கின டாக்டர் கோ. வெங்கடசாமி எங்க ஊருக்குப் பக்கத்து வடமலாபுரம். 1918-ல பிறந்தாரு, அப்போ இதெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. முடக்குவாதத்துல விரல் கோணின பிறகும் கத்தி பிடிக்கப் பழகி லட்சத்துக்கு மேல ஆபரேஷன் செஞ்சவரு. 1976-ல மதுரை ஆஸ்பத்திரி, 1988-ல திருநெல்வேலி.

லென்ஸ் இங்க கிடைக்காதப்போ புரையை மட்டும் எடுத்துட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவாங்க. பிளஸ் 10 பவர். எதைப் பாத்தாலும் கால்பங்கு பெருசா தெரியும், ஓரம் தெரியாது, படி இறங்கத் தடுமாறும். கண்ணாடி உடைஞ்சா அன்னைக்கே குருடு. இறக்குமதி லென்ஸ் நூறு டாலர் பக்கம் இருந்தது. 1992-ல மதுரையில அரவிந்தோட லென்ஸ் செய்ற பிரிவான ஆரோலேப் சொந்தமா செய்ய ஆரம்பிச்சதும் பத்து டாலர் பக்கம் இறங்கிச்சு. அங்க செஞ்ச லென்ஸ் பல நாட்டுக்குப் போகுது. நம்ம ஊர்ச் சாமானைத்தான் வெளிநாட்டுக்காரன் கண்ணுல வச்சிருக்கான்.

பாளை | ஜூன் 20, இரவு 8.45

தண்ணி குடிக்கிற சாதியோட குறை கால்சியம் படியுறது. கண்ணுக்குள்ள ஓடுற நீர்ல கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கு. தண்ணி உள்ள போற சாமான்ல அதுவும் போகும். நம்ம பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணியில பாத்திரத்துல உப்பு பூக்குமே, அது மாதிரி வெள்ளையா. எல்லாருக்கும் வராது. ஆனா யாருக்குக் கூடுதல்னு தெரியும்:

கருவிழி ஏற்கனவே பலவீனமா இருந்து, பின்னால உள்ளடுக்கு மாத்த வேண்டி வரலாம்னு டாக்டர் நினைக்கிறவங்க. அந்த ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள காத்து இல்லன்னா வாயு அடிப்பாங்க. வாயு பட்ட இடத்துல, சரியா கண் பாப்பா வட்டத்துல, லென்ஸ் மேல வெள்ளை படியும். இவங்களுக்கு ஹைட்ரோபோபிக்தான். விழித்திரை ஆபரேஷன்ல வாயு நிரப்பினவங்களுக்கும் இதே பயம்.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு. கால்சியம் படிஞ்ச லென்ஸை லேசரால சுத்தம் செய்ய முடியாது. படிஞ்சது சாமானுக்குள்ள. லென்ஸையே எடுத்து மாத்தணும். பின்சவ்வு மங்கல்னு (லென்ஸுக்குப் பின்னால இருக்கிற பைச் சவ்வு மங்குறது) தப்பா நினைச்சு, அதைத் திறக்கிற யாக் லேசர் அடிச்சுட்டா பின்சவ்வுல ஓட்டை விழுந்திரும், பிறகு லென்ஸை எடுக்கும்போது உள்ள இருக்கிற ஜெல் முன்னால பிதுங்கும். எளிய வேலை சிக்கலாகிரும். மங்கல் எங்க இருக்கு, வில்லையிலயா, அதுக்குப் பின்னால சவ்வுலயான்னு கண் பாப்பாவை விரிச்சுப் பாத்த பிறகுதான் லேசர்.

அம்பை | ஜூன் 20, இரவு 9.30

குப்பியில தண்ணியோட வந்தா ஹைட்ரோபிலிக், உலர்ந்த டப்பியில வந்தா ஹைட்ரோபோபிக்னு எங்க ஆட்களே சொல்லுவாங்க. அப்படி நம்பக் கூடாது. மினுங்குற குமிழி வராம இருக்கணும்னு சில ஹைட்ரோபோபிக் லென்ஸையும் கம்பெனியிலயே உப்புத்தண்ணியில ஊறவச்சு அனுப்புறாங்க. டப்பாவுல எழுதினதைத்தான் படிக்கணும்.

பாளை | ஜூன் 21, காலை 7.05

ராத்திரி யோசிச்சேன். பின்சவ்வு மங்கல் பத்தி தனியா சொல்லாம விட்டிருக்கேன். "லென்ஸ் கெட்டுப்போச்சு"ன்னு ஊர்ல சொல்றது பத்துக்கு ஒன்பது இதுதான். மச்சான் கேள்விப்பட்டதும் இதுவா இருக்கும்.

புரையை எடுக்கும்போது அதோட பையை விட்டுத்தான் வைப்பாங்க, லென்ஸ் உக்காரணுமே. பை ஓரத்துல ஒட்டின செல் கொஞ்சம் தப்பிக்கும். அது மாசம் வருசம்னு ஊர்ந்து வந்து லென்ஸுக்குப் பின்னால சவ்வுல படரும். மறுபடி புரை வந்த மாதிரி மங்கும். யாக் லேசர் ஒண்ணு ரெண்டு மில்லிஜூல்ல நடுவுல ஜன்னல் திறந்தா தீந்துச்சு. உக்காந்த இடத்துல அஞ்சு நிமிசம். குவியத்தைச் சவ்வுக்குக் கொஞ்சம் பின்னால வைக்கணும், இல்லன்னா லென்ஸ்ல வடு விழும். பிஎம்எம்ஏவுல நட்சத்திரம் மாதிரி வெடிப்பு, சிலிக்கோன்ல இன்னும் சுலபமா குழி. முடிஞ்ச சில மணி நேரத்துக்குக் கண் அழுத்தம் ஏறலாம், அதுக்குச் சொட்டு மருந்து உண்டு. கொசு பறக்கிற மாதிரி கொஞ்ச நாள் தெரியும். மின்னல் வெட்டுறது, திரை விழுறது மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே ஓடணும், அது விழித்திரை.

பாளை | ஜூன் 21, மதியம் 2.20

இன்னொரு திருத்தம். ஹைட்ரோபோபிக்ல இந்த மங்கல் குறைவுன்னா அது சாமானோட மகிமைன்னு நானே பல பேர்ட்ட சொல்லியிருக்கேன். முழுக்க அப்படி இல்ல. பாதிக்கு மேல காரணம் ஓரம். வில்லையோட பின்னோரம் கத்தி வெட்டின மாதிரி செங்குத்தா சுத்திவர இருந்தா, சவ்வு அதுல இறுக்கமா மடங்கும், ஊர்ந்து வர்ற செல் வரப்பு முட்டின தண்ணி மாதிரி அங்கேயே நின்னுரும். உருண்டை ஓரம்னா தாண்டிரும். பிஎம்எம்ஏவுலயும் செங்குத்து ஓரம் வச்ச லென்ஸ் இருக்கு, அதுலயும் மங்கல் குறையுது. தண்ணி குடிக்கிற சாதியில ஓரத்தை எவ்வளவு கூர்மையா செதுக்கினாலும் ஊறினதும் கொஞ்சம் மழுங்கும்.

வளையாத லென்ஸ் வச்சாலும் "ஓரம் சதுரமா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

தென்காசி | ஜூன் 22, காலை 9.00

சர்க்கரை இருக்கிறவங்களுக்கு மல்டிபோக்கல் வைக்கலாமா? கண்ணாடியே வேண்டாம்னு சொல்லி விக்கிறாங்க.

பாளை | ஜூன் 22, காலை 9.45

விழித்திரையில சர்க்கரை இறங்கியிருந்தா வேண்டாம். வர்ற ஒளியை தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்குபோட்டுக் கொடுக்கிற லென்ஸ் அது. விழித்திரை நல்லா இருந்தா பங்கு போதும், இல்லன்னா ரெண்டும் மங்கல். ராத்திரி லாரி விளக்கைச் சுத்தி வட்டம் தெரியும், நாற்கர ரோட்டுல ஓட்டுறவங்க இதை முன்னாலயே கேட்டுக்கிடணும்.

டோரிக் லென்ஸ் வேற விசயம், உருளைக் குறை உள்ளவங்களுக்கு நல்லது. அதுல சாமான் முக்கியம். ஒரு டிகிரி சுழண்டா திருத்தத்துல சுமார் 3 சதவீதம் போகும், 30 டிகிரி சுழண்டா ஒண்ணும் மிஞ்சாது. சவ்வுல ஒட்டுற ஹைட்ரோபோபிக் இங்க கை கொடுக்கும்.

பாளை | ஜூன் 22, இரவு 9.30

எல்லாரும் சாமானையே பேசிட்டோம். தம்பி அம்மாவுக்கு இதைவிட ஆயிரம் மடங்கு முக்கியம் அளவு. இதைச் சொல்லாம இந்தப் பேச்சை விட மனசு இல்ல.

ரிட்லியோட முதல் ஆபரேஷனை எடுத்துக்கோங்க. சாமான் அருமையான தேர்வு. ஆனா நம்ம இயற்கை லென்ஸோட வளைவை அப்படியே எடுத்து, அதைவிட ஒளியை அதிகமா வளைக்கிற பிஎம்எம்ஏவுல கடைஞ்சாங்க. அந்த நோயாளிக்கு மைனஸ் 18 பவர்ல கொண்டு விட்டது. சாமான் சரி, கணக்கு தப்பு.

இப்போ கணக்கு எப்படின்னா, கண்ணோட நீளம், கருவிழி வளைவு, அந்த லென்ஸுக்குன்னு கம்பெனி கொடுத்த ஏ எண். பழைய வாய்ப்பாட்டுல போட்டுக் காட்டுறேன், புரியுறதுக்காக மட்டும். இப்போ புதுசு பல வந்துட்டு. ஏ எண் 118.4, நீளம் 23.5 மி.மீ., வளைவு 44 பவர். நீளத்தை 2.5 ஆல பெருக்கினா 58.75. வளைவை 0.9 ஆல பெருக்கினா 39.6. ரெண்டையும் 118.4-ல கழிச்சா 20.05. லென்ஸ் பவர் 20.

நீளத்தை ஒரு மி.மீ. குறைச்சு 22.5-ன்னு அளந்துட்டாங்கன்னு வச்சுக்கோங்க. கணக்கு 22.55 வரும். இரண்டரை கூடுதலா வச்சுட்டு, அம்மாவுக்குத் தூரத்துக்கு ஒன்றே முக்கால் பக்கம் மைனஸ் கண்ணாடி எழுத வேண்டி வரும். நீளம் குறையுறது எப்படி? ஏ ஸ்கேன்ங்கிற அல்ட்ராசவுண்ட் அளவுக் கருவியோட முனையைக் கண்ணுல வச்சு அமுக்கினா குறைச்சலா காட்டும். தண்ணிக்கிண்ணம் வச்சு முனை கண்ணைத் தொடாம எடுக்கிறது நல்லது. ஒளியால அளக்கிற மெஷின் இன்னும் துல்லியம். ஆனா முழுசா வெளுத்த புரையில ஒளி உள்ள போகாது, அங்க ஏ ஸ்கேன்தான். உங்க அம்மா வலது கண்ணு இந்தக் கணக்குல வரும். மூணு தடவை எடுத்து ஒத்துப் பாக்கச் சொல்லுங்க. இடது கண்ணோட நீளத்தோட அரை மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா மறுபடி எடுக்கச் சொல்லுங்க.

அடுத்தது, அவ என்ன வேலை செய்றான்னு டாக்டர்ட்ட சொல்லுங்க. வழக்கமா தூரத்துக்குச் சரியா வர்ற மாதிரி வைப்பாங்க, கிட்டத்துக்குக் கண்ணாடி. பீடித்தட்டு மடியில, இலை வெட்டுறதும் நூல் கட்டுறதும் 40, 50 செ.மீ. தூரத்துல. மைனஸ் 2 மிஞ்சுற மாதிரி வச்சா 50 செ.மீ. கண்ணாடி இல்லாம தெளியும், மைனஸ் 2.5-னா 40 செ.மீ. பஸ் போர்டு பாக்கத்தான் கண்ணாடி. இதுல எது வேணும்னு அம்மாட்ட கேக்கணும், மகன் முடிவு செய்யக் கூடாது.

அம்பை | ஜூன் 23, காலை 6.40

முள் குத்தின கண்ணு, நெல்லுக்கதிர் பட்ட கண்ணு எல்லாம் நம்ம பக்கம் வரும்லா. அதுல பை ஏற்கனவே கிழிஞ்சிருக்கலாம். அந்த மாதிரி நேரத்துல தடிச்ச கால் வச்ச ஒற்றைத்துண்டு (வில்லையும் காலும் ஒரே துண்டா உள்ள) அக்ரிலிக் லென்ஸை பைக்கு வெளிய, ஐரிஸ் பின்னால வைக்கக் கூடாது. உரசி உரசி நிறமி உதிரும், ரத்தம் கசியும், அழுத்தம் ஏறும். மெலிஞ்ச கால் உள்ள மூன்றுதுண்டு லென்ஸ் இல்லன்னா பிஎம்எம்ஏதான், பவரை அரையில இருந்து ஒண்ணு வரைக்கும் குறைச்சு. தியேட்டர்ல மாற்று லென்ஸ் தயாரா இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஆளைப் படுக்க வைக்கணும்.

கடையம் | ஜூலை 13, மாலை 6.30

அம்மாவுக்கு வலது கண்ணு முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. சுரங்க வெட்டு, வளையாத லென்ஸ், தையல் இல்ல. அட்டையில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு: 21.5, பிறகு 6.0, 12.5, ஏ 118, ஒரு நீள எண், ஒரு தேதி. என்ன அர்த்தம்? சாரல் தூக்கலா இருக்கு, குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி நச்சரிக்கா.

பாளை | ஜூலை 13, இரவு 8.15

சந்தோசம் தம்பி. 21.5 லென்ஸ் பவர். 6.0 வில்லை அகலம், 12.5 கால் நுனிக்குக் கால் நுனி, ரெண்டும் மி.மீ. ஏ 118 முன்னால சொன்ன ஏ எண். நீள எண் அந்த ஒரு லென்ஸுக்கே உரியது, எந்த நாள் எந்தத் தொகுதியில செஞ்சதுன்னு அதை வச்சுத்தான் தேடுவாங்க. தேதி, டப்பாவுக்குள்ள கிருமி அண்டாம இருக்கிற கெடு. கண்ணுக்குள்ள போன பிறகு அந்தக் கெடுவுக்கு அர்த்தமில்ல, அதைக் காட்டி மச்சான் பயங்காட்டினா நம்பாதீங்க.

அருவித் தண்ணி தலையில விழக் கூடாது, ஒரு மாசம் போகட்டும், டாக்டர் சரின்னு சொன்ன பிறகு. அதுவரைக்கும் கழுத்துக்குக் கீழ குளிக்கட்டும், சொட்டு மருந்தைத் திடீர்னு நிறுத்தாம வாரத்துக்கு வாரம் குறைக்கிற கணக்குப்படி விடுங்க. கண்ணு வலிச்சாலோ, சிவந்து பார்வை குறைஞ்சாலோ மறுநாள்னு தள்ளாதீங்க.

அட்டையை ரெண்டு நகல் எடுங்க, போன்லயும் படம் பிடிச்சு வைங்க. ஆறு வாரம் கழிச்சு வலது கண்ணுக்குக் கண்ணாடி எழுதுவாங்களே, அந்தச் சீட்டையும் சேத்து வைங்க. இடது கண்ணுக்குப் போகும்போது ரெண்டையும் காட்டணும். 21.5 வச்சு எவ்வளவு மிஞ்சிச்சுன்னு பாத்து அந்தக் கண்ணோட கணக்கைச் சரிபாப்பாங்க. வலதுக்கு வச்ச பவரையே இடதுக்கும் வைன்னு மட்டும் சொல்லிராதீங்க, அதை மறுபடி அளக்கணும்.